இடது கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி

போன மாதம் ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு பிறந்தநாள் விருந்து. கொத்துரொட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், நகர மையத்தில் வங்கி ஒன்றில் கணினி வேலை பார்ப்பவர், நான் என்ன வேலை செய்து ஓய்வு பெற்றேன் என்று கேட்டார். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்றுநர் என்றேன். வாய்க்குப் போன கரண்டி பாதியில் நின்றது.

“அணுசக்திக் கப்பலையே உள்ள விடாத நாடு இது. இங்க அதுக்கு ஒரு வாத்தியாரா? சும்மா உக்கார வச்சே சம்பளம் குடுத்தாங்களா அங்கிள்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கேள்வியை இந்த ஊரில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு அழகாக யாரும் கேட்டதில்லை. ஆட்கள் வாயிலிருந்து விழுகிற வார்த்தைகளைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். எழுதி வைப்பதில்லை, மனதிலேயே கிடக்கும். அவருடைய வார்த்தையும் போய்ச் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் நின்ற நம் சங்க மலரின் ஆசிரியை, “அப்ப இதுக்கு எழுத்திலை பதில் சொல்லுங்கோ அண்ணை” என்று மாட்டிவிட்டார். ஆகவே பதில்.

அணுசக்திக் கப்பல்களோடு நான் வேலை செய்தது இங்கிலாந்தில். பருத்தித்துறையிலிருந்து அகதியாகப் போய் இறங்கியவனுக்கு, பிரஜாவுரிமை கிடைத்த பிறகு, ஒரு கடற்படைத் தளத்தில் வேலை கிடைத்தது. நீர்மூழ்கிக் கப்பல்களின் அணு உலைப் பகுதியில் வேலை செய்து வருகிறவர்கள் கழற்றிப் போடும் பாதுகாப்பு உடுப்புகளைத் தரம் பிரிக்கும் வேலை. உடுப்புக்கு மேலால் கதிர்வீச்சு மீட்டரைப் பிடித்தால் சிலது பேசாமல் கிடக்கும், சிலது கரகரக்கும். ஏன் கரகரக்கிறது என்று தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்தேன், விளங்காததை உடுப்புக் கழற்ற வருகிறவர்களிடம் கேட்டேன். கேட்டுக் கேட்டே மீட்டர்காரன் ஆனேன், பிறகு பயிற்றுநர் ஆனேன். பட்டம் எதுவும் இல்லை. அந்தப் பிரிவின் தலைவி மார்கரெட் என்ற மெல்லிய குரல்காரி. நீர்மூழ்கியின் உட்பகுதியைப் பலகையால் அப்படியே செய்து வைத்திருந்தாள். உள்ளே போய்ச் செய்ய வேண்டிய எந்த வேலையையும் முதலில் அந்தப் பலகை அறைக்குள் செய்து காட்ட வேண்டும். எவ்வளவு பெரிய பொறியியலாளர் வந்தாலும், “நல்லாயிருக்கு அன்பே, இன்னொரு தரம்” என்பாள். அவளுடைய அந்த ‘இன்னொரு தரம்’தான் நான் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து.

மனைவியின் தமையன்மார் ஆக்லாந்தில் இருந்ததால் இங்கே வந்தோம். கடற்படைக் கப்பல்களும் மற்றக் கப்பல்களும் பழுதுபார்க்க வருகிற ஒரு தளத்தில் வேலை கிடைத்தது. அணு உலை எதுவும் இல்லைத்தான். ஆனால் கப்பல் என்றால் இரும்பு, இரும்பென்றால் வெல்டிங். பற்றவைத்த இடத்துக்குள் ஓட்டையோ வெடிப்போ இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். அந்தப் படம் எடுக்கும் கருவியைத் தொழிலில் ‘கேமரா’ என்பார்கள். பார்த்தால் கைப்பிடி வைத்த கனமான பெட்டி. அதன் வயிற்றுக்குள் மிளகளவு ஒரு கதிர்வீச்சுப் பொருள், அதைச் ‘சோர்ஸ்’ என்பார்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் நீண்ட கேபிளும் சுற்றுக் கைப்பிடியும், மற்றப் பக்கத்தில் ஒரு குழாய். குழாயின் நுனியை வெல்டிங்குக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டு எல்லோரும் தூரப் போய், கைப்பிடியைச் சுற்றினால் மிளகு குழாய்க்குள்ளால் ஓடி நுனிக்குப் போகும். படம் விழும். திரும்பச் சுற்றினால் பெட்டிக்குள் வந்து படுத்துவிடும்.

பெட்டிக்குள் படுத்திருக்கும்வரை அது சாது. வெளியே வந்த மிளகைக் கையால் பிடித்தால், பிடிக்கிற நேரத்தில் ஒன்றுமே தெரியாது. சூடும் இல்லை, வலியும் இல்லை. விரல் சிவப்பது, கொப்பளிப்பது, கறுப்பது எல்லாம் நாட்கள் கழிந்த பிறகு. நெருப்பு என்றால் கை தானாகவே படித்துக்கொள்ளும். இதைப் படிப்பதற்குள் விரல் போய்விடும். கை தானாகப் படிக்க முடியாததை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூர்த் தம்பி, அதுதான் என் வேலை.

மார்கரெட்டின் பலகை அறையை நான் இங்கே ஒரு பழைய சரக்குக் கொள்கலனுக்குள் கட்டினேன். உள்ளே பலகைக் குழாய்கள், போலி ஏணி, நகர்த்தக்கூடிய சுவர்கள். எந்தக் கப்பலின் எந்த மூலையையும் அரைநாளில் உள்ளே அமைத்துவிடலாம். தளத்து ஆட்கள் அதை ‘நாடகக் கொட்டகை’ என்றார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். தள மேலாளர் கிரெய்க். கெட்ட மனிதர் என்று நினைக்க வேண்டாம். தொழிலாளியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் காரைக் கொடுத்து அனுப்புகிறவர். ஆனால் எதையும் நின்று கேட்க மாட்டார். நடந்துகொண்டே கேட்பார், நாமும் கூட நடக்க வேண்டும். நாலு வசனம் சொல்வதற்குள் பென்சிலால் தொப்பியைத் தட்டுவார். பிறகு அந்தக் கேள்வி வரும்: “சுருக்கமாகச் சொன்னால் என்ன?” தளத்தில் எல்லோரும் அவரைப் பார்த்து அதைச் சொல்லிப் பழகியிருந்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது நீளமாகக் கதைத்தால் மேசையைத் தட்டி அதையே கேட்போம்.

ஒரு வருடம் அவர் என் கொட்டகையையே சுருக்க முடிவெடுத்தார். கதிர்வீச்சுப் பயிற்சி முழுவதும் கணினிக்குப் போகும், காணொளியைப் பார்த்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதிலைச் சொடுக்கினால் சான்றிதழ், கொள்கலன் பெயிண்ட் வைக்கும் அறையாகும் என்றார். நான் வாதாடினேன். பாதித் தூரம் கூட நடந்தும் வாதாடினேன். பென்சில் தொப்பியைத் தட்டியது. அடுத்த மாதம் பெயிண்ட் வரும் என்றார்.

அதற்கிடையில் வந்ததுதான் அந்தச் சனிக்கிழமை.

பசிபிக் தீவொன்றைப் புயல் அடித்துப் போட்டிருந்தது. குடிதண்ணீர்த் தொட்டிகளும் கூடாரங்களும் ஏற்றிக்கொண்டு கடற்படைச் சரக்குக் கப்பல் ஒன்று புறப்பட வேண்டும். அதன் பம்ப் அறையில் ஒரு குழாயைப் புதிதாகப் பற்றவைத்திருந்தோம். படம் எடுத்து நல்லது என்று சொன்னால் கப்பல் மாலையில் போகும். படம் எடுக்க வந்தவர் செல்வம், திருச்சிக்காரர், ஒப்பந்த நிறுவனமொன்றின் ஆள். நாற்பதைத் தாண்டியவர், கை சுத்தமானவர். மனைவியும் பிள்ளைகளும் பக்குரங்காவில் வாடகை வீட்டில். இந்த வேலையை வைத்துத்தான் நிரந்தரமாகத் தங்கும் ரெசிடென்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்.

குழாய் நுனியைப் பிடித்துக்கொள்ள ஒரு காந்தத் தாங்கி வைப்பார்கள். பெயிண்ட் பூசிய இரும்பில் அது சரியாகப் பிடிக்கவில்லை. சோர்ஸ் வெளியே இருக்கும்போது தாங்கி சரிந்து குழாயின்மேல் விழுந்து, நுனிக்குக் கிட்டக் குழாய் நசுங்கிவிட்டது. செல்வம் திரும்பச் சுற்றினார். கைப்பிடி வழக்கத்தைவிட முன்னமே நின்றது. இந்த இடத்தில்தான் உலகம் முழுவதும் ஆட்கள் தவறுகிறார்கள்: சுற்றியாயிற்று, சோர்ஸ் வீட்டுக்கு வந்திருக்கும் என்று நம்பி உள்ளே நடப்பார்கள். செல்வம் மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். பம்ப் அறைக்கு இறங்கும் ஏணி வாசலிலேயே அது அலறியது. அப்படியே பின்வாங்கி, சோர்ஸை மறுபடியும் நுனிவரை தள்ளிவிட்டார். நுனியில் கனமான உலோக மூடி ஒன்று இருக்கும், கதிர்வீச்சில் பெரும்பகுதியை அது மறைக்கும். சுற்றுவட்டாரத்தைக் கயிறு கட்டி மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

“சார், நானே உள்ள போயி அந்த நசுங்குன எடத்த நெளிச்சு விட்டுட்டு வந்துர்றேன். ஒரு நிமிஷம் கூட ஆவாது. ஆபீசுக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுரலாம்.”

“பொறுங்கோ செல்வம். சோர்ஸ் நுனியிலை இருக்கு. கயிறு கட்டியிருக்கு. ஒருத்தரும் உள்ளை இல்லை. அது எங்கையும் ஓடிப் போகாது. நாங்களும் ஓடத் தேவையில்லை.”

“என் விசா ஓடிரும் சார்.”

“விரல் போனா விசாவை என்னத்தாலை பிடிக்கப் போறியள்?”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

கிரெய்க் வந்தார். துறைமுகத்திலிருந்து ஒரு போன், தலைநகரிலிருந்து ஒரு போன். கூடவே சியோனே வந்தான். தளத்தின் பாரம் தூக்கும் குழுத் தலைவன், தொங்கா தீவுக்காரன், கதவளவு மனிதன். புயல் அடித்த தீவில் அவனுடைய அக்கா இருந்தாள். கப்பலில் ஏறுகிற தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்று அவளுடைய தெருவுக்குப் போகும். அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை வாயால் கேட்டது கிரெய்க். “சுருக்கமாகச் சொன்னால்?”

இரண்டு பேர் உள்ளே போக வேண்டும் என்றேன். முதலாமவர் நீண்ட கொக்கியால், கதிர்வீச்சை மறைக்கிற ஈயக் குண்டுப் பைகளைக் குழாய் நுனியின்மேல் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். இரண்டாமவர் நீளக் கைப்பிடி வைத்த இடுக்கியால் நசுங்கின இடத்தைப் பிதுக்கி வட்டமாக்கிவிட்டு வெளியே வர வேண்டும். பிறகு தூரத்திலிருந்து சுற்றி இழுக்கலாம். அவ்வளவுதான். ஆனால் கொட்டகையில் பிழையில்லாமல் மூன்று தரம் தொடர்ந்து செய்து காட்டும்வரை ஒருவரையும் உள்ளே விட மாட்டேன்.

கிரெய்க் பென்சிலை எடுத்தார். தொப்பியைத் தட்டவில்லை. இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை என்னுடையது என்பது அவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறொன்று: இன்று கொட்டகை பயன்படாவிட்டால் அது நாளைக்குப் பெயிண்ட் அறைதான். பயன்பட்டும் உள்ளே போகிற செல்வத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்னுடைய இவ்வளவு வருடப் பேச்சும் வெறும் பேச்சு.

சுவர்களை நகர்த்தினோம். கப்பலின் வரைபடத்தைப் பார்த்து ஏணியை வைத்தோம், தலை இடிக்கிற குழாயைக் கூட அதே உயரத்தில் கட்டினோம். பட்டறையில் பொருத்துநர்கள் வழக்கமான இடுக்கி ஒன்றை நீளக் கம்பியில் பற்றவைத்து, கைப்பிடியை அழுத்தினால் நுனி இறுகும்படி செய்து கொண்டுவந்தார்கள். பைகளைப் போடுவது சியோனே. இரண்டாம் தரமே கச்சிதமாகச் செய்தான். அவசரம் இருக்கிறவன் இவ்வளவு நிதானமாக இருப்பானா என்று எனக்கு ஆச்சரியம்.

பிறகு செல்வம். ஏணியால் இறங்கினார், இரண்டு அடி வைத்தார், வலது கையால் இடுக்கியை நீட்டினார், பிதுக்கினார், திரும்பினார். வேகம் நல்ல வேகம். நேரம் நல்ல நேரம். நான் கொட்டகை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னொரு தரம்” என்றேன்.

இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் முடிந்ததும் கேட்டேன், குழாயை ஏன் தொட்டீர்கள் என்று.

“நான் எங்க சார் தொட்டேன்? தொடவே இல்லையே.”

“தொட்டீங்கள். மூண்டு தரமும்.”

அவர் சியோனேயைப் பார்த்தார். சியோனே தலையாட்டினான். செல்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை தெரியாதவன் என்று சொல்கிறேன் என நினைத்தார். நான் பேசாமல் போய், நேர்கோடு அடிக்க வெல்டர்கள் வைத்திருக்கும் நீலச் சுண்ணாம்புத் தூளை எடுத்துவந்து பலகைக் குழாய் முழுவதும் பூசினேன். நாலாம் தரம் போய்விட்டு வந்தார். உள்ளங்கையை விரித்துப் பாருங்கள் என்றேன்.

இடது உள்ளங்கை நீலமாக இருந்தது. நாலு விரல்களும் நீலம்.

இந்தத் தொழில்காரர்களுக்கு மட்டும் வருகிற பிழை அது. பெட்டிக்குள் சோர்ஸ் படுத்திருக்கும்போது நாள் முழுவதும் அந்தக் குழாயைத்தான் தொடுவார்கள், தூக்குவார்கள், நெளிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக அது பாதுகாப்பான குழாய். வலது கை வேலை செய்யும்போது இடது கை தானே போய்க் குழாயைப் பிடித்துக்கொள்ளும், தூங்குகிற பிள்ளையைத் தாய் தட்டிக் கொடுக்கிற மாதிரி. நசுங்கின இடத்திலிருந்து சோர்ஸ் ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஈயப் பை குழாயின் அடிப்பக்கத்தை மறைக்காது. அந்தக் கை தடவப் போகிற இடம் அதுதான்.

செல்வம் கொள்கலன் படியில் உட்கார்ந்துவிட்டார். கையை மூடவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

“சார், காலையில நான் மட்டும் உள்ள போயிருந்தா?”

நான் பலகைக் குழாயில் மறுபடியும் நீலத்தைப் பூசினேன்.  

தொடாதே என்று சொல்லித் தடுக்க முடியாது. தான் தொடுகிறோம் என்றே தெரியாதவனிடம் எதைச் சொல்வது? ஐந்தாம் தரம் அவர் முழுக் கவனத்தையும் இடது கையில் வைத்தார்; வலது கை இடுக்கியைத் தவறவிட்டது. ஆறாம் தரம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். ஏணியில் இறங்க முடியவில்லை. வெளியே கப்பலின் இயந்திரம் சூடாகிற சத்தம் கேட்டது.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து யாரோ எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். கிரெய்க் ஒன்றை எடுத்தார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் போன். போனிலிருந்து காதுக்குப் போகிற வயர் சிக்கிக்கொண்டது, அதை விலக்கக் கோப்பைக் கையை நீட்டப் போனவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார், சிந்திவிடுமே என்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. சும்மா இருக்கிற கைதான் திரியும். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால்?

நிறைந்த கோப்பை ஒன்றை எடுத்துச் செல்வத்திடம் நீட்டினேன்.

“இந்தாங்கோ. இடது கையாலை பிடியுங்கோ.”

“குடிக்கிற நெலமையில நான் இல்ல சார்.”

“குடிக்கிறதுக்கில்லை. சிந்தாமல் கொண்டுபோய்க் கொண்டு வாறதுக்கு.”

முதல் தரம் பாதித் தேத்தண்ணி காற்சட்டையில். குழாய்ப் பக்கம் கை போன இடத்தில் ஒரு குளம். சியோனே விழுந்து விழுந்து சிரித்தான், செல்வமும் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த தரம் கொஞ்சம் சிந்தியது. அதற்கடுத்த தரம் ஏணியில் மட்டும் சிந்தியது. கோப்பையை நிரப்பி நிரப்பிக் கொடுத்தது யார் தெரியுமா? கிரெய்க். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, கெட்டிலோடு கொள்கலன் வாசலில் நின்றார்.

பிறகு ஒரு தரம் ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளங்கையில் நீலம் இல்லை. செல்வம் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்குள், அக்காவின் தெருவுக்குத் தண்ணீர் போக வேண்டிய சியோனே சொன்னான், “இன்னொரு தரம்.” மார்கரெட் கேட்டிருந்தால் அவனைக் கட்டிப் பிடித்திருப்பாள்.

தொடர்ந்து மூன்று தரம். சொட்டில்லை, நீலமில்லை.

கப்பலுக்கு நடந்தோம். உள்ளே நான் போகவில்லை. கயிற்றோரம் நின்று நேரம் பார்ப்பதும் வெளியே கூப்பிடுவதும் பயிற்றுநரின் இடம். சியோனே பைகளைப் போட்டுவிட்டு வந்தான். செல்வம் இறங்கினார். இடது கையில் இப்போது மீட்டர், கோப்பையைப் பிடித்த அதே பிடியில், தளும்பாமல். இடுக்கி போனது, இறுகியது, விட்டது. மீட்டர் அலறிக்கொண்டே இருந்தது. அந்தக் கை அசையவில்லை. நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவர் ஏணியில் ஏறிவிட்டார்.

தூரப் போய்ச் சுற்றினார். கைப்பிடி நசுங்கின இடத்தில் ஒரு கணம் தயங்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. மீட்டர் கீழே கீழே இறங்கி வாயை மூடியது. அது மூடுகிற அந்தக் கணத்துக்கு நிகரான சங்கீதம் எனக்குத் தெரிந்து இல்லை. மீட்டரை நீட்டிக்கொண்டு பெட்டிவரை நடந்து பார்த்து, பூட்டி, சாவியை என் கையில் தந்தார்.

“சார், இப்ப ஒரு டீ குடிக்கலாமா?”

“ஓம். இப்ப குடியுங்கோ.”

அவருடைய உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவு, நாங்கள் முன்னமே கணக்குப் போட்டு அனுமதித்திருந்ததில் காற்பங்குக்கும் குறைவு. பத்து விரலும் பத்திரம். வேறு குழாய் பொருத்திப் படம் எடுத்தோம், வெல்டிங் நல்ல வெல்டிங். இருட்டுவதற்குள் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிப் போனது. சியோனே அது மறையும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தாங்கி ஏன் விழுந்தது என்று விசாரித்தார்கள். செல்வம் ஒளிக்காமல் சொன்னார். பெயிண்ட் பூசிய இடத்தில் காந்தத்தோடு பட்டியும் போட்டுக் கட்ட வேண்டும் என்று புது விதி வந்தது, அவர் வேலை தங்கியது. பிறகு ஒருவர் கொள்கலனைக் காட்டி, இதுதானே பெயிண்ட் அறையாகப் போவது, இதில் அன்று என்ன செய்தீர்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கிரெய்க்கிடம் கேட்டார்.

கிரெய்க் நடக்கவில்லை. நின்றார். “இதற்குச் சுருக்கம் கிடையாது” என்றார். பிறகு கெட்டிலை எடுத்து அந்த மனிதரின் இடது கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து, ஏணியைக் காட்டினார். விலையுயர்ந்த காற்சட்டை அது.

பெயிண்ட் வேறு இடத்துக்குப் போனது. கணினிப் பாடமும் வந்தது, நல்ல பாடம்தான்; அதை முடித்தவர்கள் கொட்டகைக்கு வருவார்கள். ‘கோப்பை ஓட்டம்’ ஓடாமல் ஒருவருக்கும் சான்றிதழ் இல்லை. என் வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. இடது கையில் கோப்பையோடு வீட்டுக்குள் திரிகிற என்னைப் பார்த்து மனைவி, “இஞ்சை என்ன கதிர்வீச்சு அடிக்குதெண்டு இப்பிடித் திரியிறியள்? மற்றக் கையாலை அந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ” என்பாள்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். எனக்குப் பிறகு பயிற்றுநர் செல்வம். ரெசிடென்சி கிடைத்து, பக்குரங்காவிலேயே சொந்த வீட்டுக்கு மார்ட்கேஜ் கட்டிக்கொண்டிருக்கிறார். பிரிவுபசாரத்தைக் கொள்கலனுக்குள் வைத்தார்கள். உள்ளே நுழைந்தால் வெல்டர்கள், பொருத்துநர்கள், கதவை அடைத்துக்கொண்டு சியோனே, ஓய்வு பெற்றும் அதற்காகவே வந்த கிரெய்க், எல்லோரும் இடது கையில் விளிம்பு தட்ட நிறைந்த தேத்தண்ணியோடு நின்றார்கள். செல்வம் என் கையிலும் ஒன்றைத் தந்தார். நான் எழுதிக்கொண்டு போன பேச்சை நன்றாக நீட்டினேன். கிரெய்க் வாயைத் திறக்கவில்லை.

பேசி முடித்ததும் கை தட்ட வேண்டுமே. ஒருவருக்கும் இரண்டு கை இல்லை. ஒரு கணம் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள். சியோனே முதலில் காலைத் தூக்கினான். பிறகு எல்லோருடைய இரும்பு முனைச் சப்பாத்துகளும் கொள்கலன் தளத்தில் இடித்தன. பலகைக் குழாய்கள் ஆடின, ஏணி ஆடியது, அந்தச் சத்தம் துறைமுகத்துக்கு மறுகரையில் கேட்டிருக்கும். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.